தள்ளுபடி... யார் தருகிற தள்ளுபடி?

ஆடி மாதம் பிறந்தால் துணிக்கடையில் தள்ளுபடி என்று மட்டுமே நாம் அறிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று புத்தாண்டு, பொங்கல், குடியரசு நாள், ஆடி, விடுதலை நாள், தீபாவளி, கிறிஸ்து பிறப்பு என ஆண்டின் 12 மாதங்களும் மளிகைச் சாமானுக்கே தள்ளுபடி நடக்கிறது. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் செய்திக்கு முன்னே கீழே விழுவது சூப்பர் மார்க்கெட்டின் வண்ணத் துண்டறிக்கைதான். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’, ‘50 விழுக்காடு வரை தள்ளுபடி’, ‘999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை ஒரு ரூபாய்’... இந்த ‘வரை’ என்ற சொல் மட்டும் எப்போதும் பொடி எழுத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்!

இவற்றைப் பழிப்பது நம் நோக்கமல்ல. மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டு குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களின் செலவில் சுமார் 47 விழுக்காடும், நகர்ப்புறக் குடும்பங்களின் செலவில் சுமார் 40 விழுக்காடும் உணவுக்கே போகிறது. அப்படிப்பட்ட வீடுகளில் மாதம் 200 ரூபாய் மிச்சமாவது சிறிய காரியம் இல்லை. பிள்ளையின் நோட்டுப் புத்தகமோ, பாட்டியின் மாத்திரையோ அந்த 200 ரூபாயில் அடங்கியிருக்கிறது. எனவே மலிவைத் தேடிப் போகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. இந்தத் தள்ளுபடி எந்த விலையிலிருந்து தள்ளப்படுகிறது? தள்ளப்பட்ட பணத்தை யார் ஏற்றுக்கொள்கிறார்?

முதல் கேள்விக்குப் பதில் பொட்டலத்தின் பின்புறத்திலேயே இருக்கிறது. ‘அதிகபட்ச சில்லறை விலை, எல்லா வரிகளும் உட்பட’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, எம்.ஆர்.பி. என்று எல்லாரும் சொல்லும் அந்த விலை. 1990-இல் பொட்டலப் பொருள்கள் பற்றிய விதிகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று அச்சிட்டு விடுவார்கள். அந்த வரியின் பெயரைச் சொல்லிக் கடைக்காரர் தம் விருப்பம்போலக் கூட்டி வாங்குவார். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. இப்போது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011-இல் வந்த விதிகளும் இதை நடைமுறைப்படுத்துகின்றன. அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் குற்றம், கீழே விற்றால் குற்றமில்லை.

இந்த விலையை அரசு நிர்ணயிக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள் போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், அப்படி இல்லை. பொருளைத் தயாரிக்கும் அல்லது பொட்டலமிடும் நிறுவனமே எம்.ஆர்.பி.யைத் தீர்மானிக்கிறது. நூறு ரூபாய் என்று போட வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது என்று போட்டால் ஏன் என்று கேட்கும் அதிகாரி கிடையாது. இது அதிகபட்ச விலை மட்டுமே, அதுவே நியாய விலை என்று யாரும் சான்றளிக்கவில்லை. ஆயினும் கடையின் அட்டையில் எம்.ஆர்.பி.யைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் ஆஃபர் விலையை எழுதியவுடன், அடிக்கப்பட்ட விலைதான் உண்மை விலை என்றும், கடைக்காரர் நமக்காகத் தம் கையிலிருந்து விட்டுக்கொடுக்கிறார் என்றும் நம் மனம் நம்பிவிடுகிறது.

பெரிய கடைகள் பலவும் இப்போது பருப்பு, மாவு, மசாலாத் தூள், முந்திரி, சோப்புத் தூள் எனப் பலவற்றைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே பொட்டலமிட்டு விற்கின்றன. அந்தப் பொருள் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. எம்.ஆர்.பி. அச்சிடுவதும் அவர்களே, அதில் 40 விழுக்காடு தள்ளுபடி அறிவிப்பதும் அவர்களே. கேள்வித்தாள் தயாரிப்பவரும், தேர்வு எழுதுபவரும், மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆள் என்றால் முடிவு எப்படி இருக்கும்? இதனால் அந்தப் பொருள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. பல நேரங்களில் தரமாகவும் மலிவாகவுமே இருக்கிறது. அந்த ‘40 விழுக்காடு’ என்ற எண்ணுக்குத்தான் பொருள் எதுவும் இல்லை.

இந்த உத்தி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவில் எம்.ஆர்.பி. முறை கிடையாது. அங்கே ‘முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு’ என்று அட்டை வைக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம், உல்வொர்த்ஸ், கோல்ஸ் என்னும் இரு பெரும் சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. உல்வொர்த்ஸில் 266 பொருள்கள், கோல்ஸில் 245 பொருள்கள் பற்றிய வழக்கு அது. ஆணையம் எடுத்துக்காட்டிய ஒரு பொருளைப் பார்ப்போம். குடும்ப அளவு ஓரியோ பிஸ்கட் பாக்கெட் ஒன்று உல்வொர்த்ஸில் நெடுநாள் 3.50 டாலருக்கு விற்றது. 2022 நவம்பர் இறுதியில் அதை 5 டாலராக உயர்த்தினார்கள். அந்த விலை 22 நாள்களே நீடித்தது. டிசம்பரில் ‘விலை குறைந்தது, முன்பு 5 டாலர், இப்போது 4.50 டாலர்’ என்று அட்டை வைத்தார்கள். அட்டை சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முன்பு 5 டாலர்தான். ஆனால் ஒரு மாதத்துக்கு முன் 3.50-க்கு வாங்கியவர், இப்போது ஒரு டாலர் கூடக் கொடுத்துவிட்டு, லாபம் என்று மகிழ்ந்து வீடு திரும்புகிறார்! சரக்கு தருகிற நிறுவனங்கள் விலையை ஏற்றியதால்தான் நாங்களும் ஏற்றினோம் என்று சொல்லி, இரு நிறுவனங்களும் குற்றச்சாட்டை மறுத்தன.

அந்நாட்டில் இது பெரும் பரபரப்பானதற்குக் காரணம் உண்டு. அதே ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் சூப்பர் மார்க்கெட் மளிகை விற்பனையில் 38 விழுக்காடு உல்வொர்த்ஸ் கையிலும், 29 விழுக்காடு கோல்ஸ் கையிலும் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு இருவர் கையில்! பிடிக்கவில்லை என்று ஒரு கடையை விட்டு வெளியே வந்தால், நுழைவதற்கு எதிரே இருப்பது மற்றொன்றுதான். போட்டி என்பது கடைகளின் எண்ணிக்கையில் இல்லை, அவற்றின் முதலாளிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

நம் ஊரில் நிலைமை அப்படியில்லை. தெருமுனையில் அண்ணாச்சி கடை, அடுத்த தெருவில் பாய் கடை, நியாய விலைக் கடை, கூட்டுறவுப் பண்டகசாலை, உழவர் சந்தை, வாரச்சந்தை, தள்ளுவண்டி என்று இன்னும் பல வாசல்கள் திறந்தே இருக்கின்றன. பெரிய கடையின் விலையைக் கட்டுக்குள் வைத்திருப்பது, உண்மையில், அந்தப் பெரிய கடைக்குள் நாம் காலெடுத்து வைக்காமல் இருக்க வாய்ப்புள்ள இந்தச் சிறிய வாசல்கள்தாம். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும், சென்னையின் நியாய விலைக் கடைகள் சிலவற்றிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதை நினைத்துப் பார்க்கலாம். மாற்று வழி ஒன்று இருக்கிறது என்பதே ஒரு விலைக் கட்டுப்பாடு.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். தள்ளிய பணத்தை ஏற்றுக்கொள்பவர் யார்?

சில பொருள்களில் கடையே ஏற்றுக்கொள்கிறது. சர்க்கரை, சமையல் எண்ணெய், வெங்காயம், தக்காளி, துவரம் பருப்பு ஆகியவற்றின் விலை நம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். ஒரு கடை மலிவா, கிராக்கியா என்று நாம் முடிவு கட்டுவது இந்த நாலைந்து பொருள்களை வைத்தே. வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே இவற்றில் ஒன்றிரண்டை அடக்க விலைக்கும் கீழே கொடுத்துவிட்டு, விலை மனப்பாடம் இல்லாத ஏலக்காய், முந்திரி, கெட்சப், தரை துடைக்கும் திரவம், பிளாஸ்டிக் டப்பா ஆகியவற்றில் ஈடுகட்டுவார்கள். ஒரு ரூபாய்ச் சர்க்கரை எப்போதும் கடையின் கடைசி மூலையில் இருப்பதும், அதை எடுக்க நாம் எல்லா வரிசைகளையும் தாண்டிப் போக வேண்டியிருப்பதும் தற்செயல் அல்ல.

வேறு பல பொருள்களில் தயாரிக்கும் நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எல்லாக் கடைகளுக்கும் ஒரே மாதிரி அல்ல. லாரிக் கணக்கில் வாங்குகிறவருக்கு ஒரு விலை, அட்டைப் பெட்டிக் கணக்கில் வாங்குகிறவருக்கு ஒரு விலை. இதில் ஓரளவு நியாயம் உண்டு, மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். ஆனால் அளவு மீறும்போது என்ன நடக்கிறது? எடுத்துக்காட்டாக, 100 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள பொருள் விநியோகஸ்தர் வழியாக அண்ணாச்சி கடைக்கு 90 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பொருளைச் சூப்பர் மார்க்கெட்டில் 85 ரூபாய்க்கு விற்கிறார்கள். அண்ணாச்சி தம் லாபம் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் 85-க்கு விற்க முடியாது. விநியோகஸ்தரிடம் வாங்குவதைவிடச் சூப்பர் மார்க்கெட்டில் வரிசையில் நின்று வாங்கி வந்து விற்பது லாபம் என்கிற விசித்திர நிலை! சிறு கடைக்காரர்கள் சிலர் உண்மையிலேயே அப்படித்தான் செய்கிறார்கள்.

இது வெறும் புலம்பல் அல்ல. 2021-ஆம் ஆண்டு இறுதியில், அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, பெரும் தயாரிப்பு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. தங்கள் வழியாக வாங்கும் கடைக்காரருக்கு 8 முதல் 12 விழுக்காடு லாபமே கிடைக்கிறது, பெரிய மொத்த விற்பனை நிறுவனங்களும் இணையவழி நிறுவனங்களும் 15 முதல் 20 விழுக்காடு வரை தருகின்றன, எல்லாருக்கும் ஒரே விலை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மகாராஷ்டிராவில் 2022 சனவரியில் சில பொருள்களின் விநியோகத்தையே நிறுத்தினார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, விநியோகம் மீண்டும் தொடங்கியது. விலை வேறுபாடு மட்டும் மறைந்துவிடவில்லை.

மூன்றாவதாக, முதலீட்டாளரின் பணத்திலிருந்து வருகிற தள்ளுபடி ஒன்று உண்டு. இதன் வரலாறு நம் சென்னையிலேயே தொடங்குகிறது எனலாம். 1997-இல் சென்னையில் ‘சுபிக்ஷா’ என்ற பெயரில் மளிகை, மருந்துக் கடைகள் தொடங்கின. குளிர்சாதனம் இல்லை, அலங்காரம் இல்லை, சிறிய கடை, எம்.ஆர்.பி.யில் கண்டிப்பாகக் கழிவு. நடுத்தர வர்க்கம் கொண்டாடியது. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் தமிழகத்துக்குள் நின்ற அந்த நிறுவனம், பிறகு கடன் வாங்கி நாடெங்கும் விரிந்து 2008-இல் ஏறத்தாழ 1,600 கடைகளை எட்டியது. 2009 தொடக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கடைகள் பூட்டப்பட்டன. ஊழியருக்குச் சம்பள பாக்கி, கட்டட உரிமையாளருக்கு வாடகை பாக்கி, சரக்கு கொடுத்தவருக்கு விலை பாக்கி. நாம் அந்நாள்களில் அனுபவித்த தள்ளுபடியின் கடைசித் தவணையை இவர்கள்தாம் கட்டினார்கள்.

‘பிக் பஜார்’ கதையும் ஏறக்குறைய இதுவே. 2006 சனவரி 26 அன்று ‘மிக மலிவான நாள்’ என்று அறிவித்தார்கள். திரண்ட கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் பல இடங்களில் கதவுகளை மூட வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த ஒரு நாள் பல நாள்களாக நீண்டது. கடனும் நீண்டது. கொரோனா ஊரடங்கில் விற்பனை நின்றபோது தாங்க முடியவில்லை. 2020 ஆகஸ்டில் ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு 24,713 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் ஆனது, அமேசான் அதை எதிர்த்து வழக்காடியது. 2022 பிப்ரவரியில் பல கடைகளை ரிலையன்ஸ் எடுத்துக்கொண்டது. கடன் கொடுத்தவர்கள் ஏற்காததால் ஒப்பந்தமே முறிந்து, அவ்வாண்டு ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது.

2006-07இல் ரிலையன்ஸ் ஃபிரெஷ் கடைகள் வந்தபோது நாட்டின் பல பகுதிகளில் காய்கறி வியாபாரிகள் தெருவில் இறங்கிப் போராடியதும், உத்தரப் பிரதேச அரசு 2007-இல் அந்தக் கடைகளை மூடச் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். இனி அண்ணாச்சி கடை இருக்காது என்று அன்று சிலர் எழுதினார்கள். அண்ணாச்சிகள் இருந்தார்கள். சுபிக்ஷாவும் பிக் பஜாரும்தான் போயின.

அதற்காகப் பெரிய கடை என்றாலே மாயம் என்று முடிவு கட்டுவதும் நியாயமில்லை. 2002-இல் மும்பையில் தொடங்கிய டிமார்ட் நிறுவனத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் தன் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிறது. வாடகைச் சுமை குறைவு. விரைந்து விற்கும் பொருள்களையே அதிகம் வைக்கிறது. சரக்கு கொடுத்தவருக்கு விரைவாகப் பணம் தந்து, அதற்காகக் கூடுதல் கழிவு பெறுகிறது. இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை என்று ஆடாமல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே குறைந்த விலையில் விற்க முயல்கிறது. சிக்கனத்தில் பிறந்த மலிவு இது. இத்தகைய மலிவுக்கும், கடனில் பிறந்த மலிவுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் அண்ணாச்சியின் நிலையில் இருந்து பார்த்தால், இரண்டும் ஒன்றுபோலத்தான் வலிக்கும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

இப்போது வந்திருப்பது வேறொரு அலை. ஸ்விகி நிறுவனத்தின் இன்ஸ்டாமார்ட் 2020-இலும், செப்டோ 2021-இலும் தொடங்கின. குரோஃபர்ஸ் என்றிருந்த நிறுவனம் 2021 இறுதியில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2022-இல் சொமேட்டோவின் கைக்குப் போனது. கைபேசியில் தொட்டால் சில நிமிடங்களில் கொத்தமல்லிக் கட்டு வாசலில் நிற்கிறது. வாடிக்கையாளர் உள்ளே வர முடியாத சிறு கிடங்குகள், அவற்றின் வாசலில் காத்திருக்கும் இளைஞர் கூட்டம்... நம் பங்குகளில் பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வண்ணச் சட்டையுடன் வெயிலில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். இந்த வேகத்துக்கும் தள்ளுபடிக்கும் ஆன செலவில் பெரும்பகுதியை இதுவரை முதலீட்டாளர்களே ஏற்று வந்திருக்கிறார்கள். ஏற்பது என்றென்றைக்கும் அல்ல. பொருளின் விலையில் காட்டாமல் கையாளும் கட்டணம், சிறு ஆர்டர் கட்டணம், மழைக் கட்டணம் என்று பில்லின் அடிப்பகுதியில் வந்து சேர்வது அதன் அறிகுறி. கடைசிக் கட்டத்தில் கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது, கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, ‘இன்னும் 2 மட்டுமே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது உட்பட 13 வகை ஏமாற்று உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்தது. பட்டியல் இருக்கிறது, பில்லைப் படிக்கும் வேலை நம்முடையது.

அடக்க விலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதைச் சட்டம் தடுக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அப்படி விற்கிற நிறுவனம் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். மூன்று நான்கு நிறுவனங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு எல்லாமே நட்டத்தில் விற்கும்போது, தனித்தனியே எதுவும் ஆதிக்க நிலையில் இல்லை என்று வாதிட இடமிருக்கிறது. அதே நேரத்தில் அவற்றின் சண்டையில் மிதிபடுவது தெருமுனைக் கடை. நெல் காயும் இடத்தில் மாடுகள் முட்டிக்கொண்ட கதைதான். மேற்சொன்ன விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2025-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோன முறையீட்டின் சாரமும் இதுவே. மாடுகளில் ஒன்று வென்று மற்றவை வெளியேறிய பிறகு சட்டம் விழித்துக்கொள்ளலாம். அதற்குள் நெல் என்னவாகும்?

இந்தத் தள்ளுபடிகளில் மிகக் குறைந்த பங்கு யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால், மிகக் குறைந்த வருமானம் உள்ளவருக்குத்தான். 999 ரூபாய்க்கு ஒரே நேரத்தில் வாங்கினால்தான் ஒரு ரூபாய்ச் சர்க்கரை. அன்றாடக் கூலி வாங்கி, அன்றைக்கு வேண்டிய 100 கிராம் பருப்பும் 50 மில்லி எண்ணெயும் வாங்குகிறவர் அந்த வாசலுக்கே போக மாட்டார். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது, இரண்டு வாங்கக் கையில் காசும், மூன்றை வைக்க வீட்டில் இடமும் உள்ளவருக்கான சலுகை. கடல் சீற்றத்தால் 10 நாள் வலை வீசாத மீனவக் குடும்பத்துக்கு அரிசி கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு, பாடு கிடைத்த அன்று வாங்கிக்கொள்கிற சூப்பர் மார்க்கெட் எங்கேயும் இல்லை. 2020 ஊரடங்கில் பேருந்து ஓடாத நாள்களிலும் பல தெருக்களுக்குச் சோறு போட்டது அந்தக் கணக்கு நோட்டுதான். அந்தக் கடனுக்கும் ஒரு விலை உண்டு, சில கடைகளில் அது கடுமையான விலை என்பதும் உண்மை.

எல்லாவற்றிலும் ஏழை அதிக விலை கொடுக்கிறார் என்று சொல்லிவிடவும் முடியாது. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முன்னோடி நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அந்தச் சிறு பாக்கெட், மில்லி கணக்கில் பார்த்தால், பல நேரங்களில் பெரிய பாட்டிலைவிட மலிவு! பெரிதாக வாங்கினால் எப்போதும் லாபம் என்ற நம் எண்ணமே சோதிக்க வேண்டிய ஒன்று. சோதிப்பது எளிது. ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே இருக்கும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பிஸ்கட்டுகள் விலை ஏறாமலே மெலிந்துகொண்டு வந்ததை எடை பார்த்தவர் அறிவார். அளவைச் சிறிதாக்கிக் காசைப் பெரிதாக்கும் வணிகரை இறைவாக்கினர் ஆமோஸ் கண்டித்தது இதைப் போன்ற ஒன்றைக் கண்டுதான். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, பற்பசை, ஷாம்பு ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோதும், விலையைக் குறைப்பதா, எடையைக் கூட்டுவதா என்ற பேச்சு எழுந்தது. எடை கூடியதா என்று பார்க்கவும் அந்தச் சிறிய எண்தான் உதவும்.

கடைக்குள் நிற்கும் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே அடுக்கி, நின்றபடியே பில் போடும் பிள்ளைகள், பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகச் சட்டப்பேரவை 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாம் போகும் கடையில் நாற்காலி இருக்கிறதா? ஒரு தள்ளுபடி யாருடைய கால்வலியிலிருந்து வருகிறது என்பதற்கு அது ஓர் எளிய அடையாளம்.

இவையெல்லாம் தனிமனிதர் கவலை என்று விட்டுவிட முடியாதபடி, நம் பங்குகளுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையோ, இளைஞர் குழுவோ மாதந்தோறும் ஏழைக் குடும்பங்களுக்கு மளிகைச் சாமான் கொடுக்கிறது. எங்கே வாங்குவது? மாதம் 20 குடும்பங்களுக்கு, ஆளுக்கு 1,000 ரூபாய் வீதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர் மார்க்கெட்டில் 8 விழுக்காடு குறைந்தால் 1,600 ரூபாய் மிச்சம். இன்னும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து மேலும் 600 ரூபாய் மீதியிருக்கும். ஏழைகளுக்கென்று திரட்டிய பணத்தை அண்ணாச்சியின் லாபத்துக்குக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா என்று பொருளாளர் கேட்டால், அந்தக் கேள்வியில் தவறில்லை. மறுபுறம், திருவிழா நன்கொடை ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாம் முதலில் ஏறுகிற படி அண்ணாச்சி கடைப் படிதான். சூப்பர் மார்க்கெட் மேலாளரிடம் யாரும் போவதில்லை, போனாலும் தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொல்வார்!

இரண்டுக்கும் நடுவே வழி இல்லாமல் இல்லை. 1904-இல் சென்னை திருவல்லிக்கேணியில் சிலர் சேர்ந்து, மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று தொடங்கியதே, பின்னாளில் பெரிதாக வளர்ந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 20 குடும்பத்துக்கான அரிசியும் பருப்பும் ஒரே பட்டியலாக, முன்பணத்தோடு, ஒரு மாதம் முன்னதாகவே தெருமுனைக் கடையில் கொடுக்கப்பட்டால், அவரும் மூட்டைக் கணக்கில் மண்டியில் வாங்குவார். சில்லறை விலையில் அவரால் விட முடியாத 8 விழுக்காட்டில் பாதியையாவது அப்போது விட முடியும். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லட்டும். போன மாத பில்லும், அவர் எழுதித் தரும் விலைப் பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சபையின் அடுத்த கூட்டத்தில் பத்தே நிமிடத்தில் கணக்குப் பார்த்துவிடலாம்.